கை தொடாமல் எண் சொல்லாதவர்

அந்த சிஸ்டருக்கு வார்டில் இருந்தவர்கள் வைத்திருந்த பேர் ‘பேசாதீங்க சிஸ்டர்’.

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் பட்டை புஸ்ஸென்று உப்பும். உப்ப ஆரம்பித்த உடனேதான் கட்டிலில் இருக்கிற ஆளுக்கு எதையாவது கேட்க வேண்டும்போல் இருக்கும். “பேசாதீங்க” என்பார் சிஸ்டர். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர் வாயைத் திறப்பார். “நீங்களும் பேசாதீங்க. நீங்க கேட்டா அவரு பதில் சொல்லுவாரு. பேசினா பிரஷர் ஜாஸ்தியா காட்டும்.”

எதிர்க் கட்டிலில் கரும்பு வெட்டப் போகிற ஒரு பெரியவர் இருந்தார். “எம் பொண்டாட்டிகூட என்ன இப்பிடி அடக்கினதில்லம்மா” என்றார் ஒருநாள்.

“அதான் ஏறிக் கெடக்குது. கால்மேல கால் போடாதீங்க, எறக்குங்க. முதுகச் சாச்சி உக்காருங்க. கைய இந்தத் தலகாணிமேல வைங்க.”

“இன்னாம்மா, போட்டோவா புடிக்கப் போற?”

“பேசாதீங்க.”

வார்டே சிரித்தது. உங்கள் அம்மாகூட ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கும் அதே வார்த்தைதான் அர்த்தம்.

பெரியவளே, சின்னவனே, அந்த சிஸ்டரைப் பற்றி உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை. சொல்லாமலே இருந்திருப்பேன். போன மாதம் நம் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

மலையிலிருந்து மாமன் பலாப்பழத்தோடு வந்தார். பெரியவளே, நீ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உன்னைப் பார்த்துச் சின்னவனும் போனான். மாமன் பழத்தைத் தானே அறுத்து, சுளையெல்லாம் எடுத்துத் தட்டில் வைத்து, மூடிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். கைப்பிசுக்கைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு காதுகுத்தில் யாரோ உறவுக்காரர் உன்னிடம், “உங்க மாமனாலதான் உங்க அம்மா போய்ச் சேர்ந்தா, தெரியுமா?” என்று சொல்லியிருக்கிறார்.

நீ என்னிடம் கேட்டாய். எனக்குப் பேச்சு எப்போதும் பின்னாடிதான் வரும். எழுத்தும் பத்தாவது வரைக்கும்தான். இருந்தாலும் எழுதுகிறேன். மாமன் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அந்த சிஸ்டரைத் தெரிய வேண்டும். அவரைத் தெரியாமல் அந்த மத்தியானத்தைச் சொன்னால் அது பாதிதான் உண்மை.

அவர் பேர் எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. நைனார்பாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். குள்ளம், நல்ல கறுப்பு, வேக நடை. வார்டுக்குள் நுழையும்போதே இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடு ஒன்று பரபரவென்று தேய்த்துக்கொண்டு வருவார். முதல்நாள் பார்த்தபோது, என்னவோ கைக்கு மருந்து போட்டுக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். சூடு பண்ணுகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஏசி ஓடும். வியாதிக்காரர்களின் கையெல்லாம் தண்ணீர்ப் பானைபோலச் சில்லென்று கிடக்கும். அந்தக் கைகளைத்தான் சிஸ்டர் முதலில் பிடிப்பார். பெட்டியை அப்புறம்தான் பார்ப்பார்.

பெட்டி என்றால் மானிட்டர். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒன்று இருந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் வழியாக இதயத் துடிப்பு ஒரு கோடாக ஓடும். விரலில் துணி காயப்போடுகிற கிளிப்பைப்போல ஒன்றை மாட்டுவார்கள். அதற்குள் சிவப்பு விளக்கு எரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். கையில் சுற்றிய பட்டை பிரஷரைச் சொல்லும். எண் குறைந்தால் பெட்டி கத்தும். படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சிஸ்டருக்கு மட்டும் பதற்றமே வராது. கத்துகிற பெட்டியை நோக்கி ஓடமாட்டார். ஆளை நோக்கி ஓடுவார். உதட்டைப் பார்ப்பார், கையைத் தொடுவார், மணிக்கட்டில் விரல் வைப்பார். அதற்குப் பிறகுதான் எண்.

ஒருநாள் புதுப்பெண் ஒருத்தியைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி வாரம்கூட ஆகவில்லை. கையெல்லாம் மருதாணி, நகத்தில் அடர்த்தியாகக் கறுஞ்சிவப்புப் பூச்சு. கிளிப்பை மாட்டினதும் எண் தாறுமாறாகக் குதித்தது. பெட்டி கத்த ஆரம்பித்தது. மாமியார்க்காரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சிஸ்டர் பஞ்சில் ஸ்பிரிட் எடுத்து, அந்தப் பெண்ணின் ஒரு விரல் நகத்தை மட்டும் பொறுமையாகத் துடைத்தார். திரும்ப மாட்டினார். சத்தம் அடங்கியது.

“ஒண்ணுமில்ல. நகத்துப் பூச்சு வெளிச்சத்த மறைக்குது. காய்ச்சல் மட்டுந்தான்” என்றார்.

“ஒரு வெரலு மட்டும் அழிஞ்சிப்போச்சே” என்றது அந்தப் பெண்.

“வூட்டுக்குப் போயி திரும்பப் பூசிக்கோ கண்ணு. இப்ப இந்த வெரலு எனக்கு வேணும்.”

இன்னொரு நாள் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் வந்தார். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. பட்டை சுற்றவே எட்டவில்லை. இழுத்துப் பிடித்துச் சுற்றினதில் பிரஷர் பயங்கரமாகக் காட்டியது. அந்த ஆள் முகம் வெளுத்துப்போனது. சிஸ்டர் பட்டையைக் கழற்றிவிட்டு வெளியே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். வேறு ஏதோ வார்டிலிருந்து பெரிய பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்தார். அதைச் சுற்றிப் பார்த்ததும் எண் நன்றாக இறங்கியது.

“பட்ட சின்னது, மனுசன் பெரிசு. இதுக்குப் போயி பயந்துக்கினு” என்றார்.

மூச்சு எண்ணுவது இன்னும் வேடிக்கை. மூச்சையும் பெட்டியே எண்ணும். ஆனால் ஆள் புரண்டு படுத்தாலும் இருமினாலும் அதையும் சேர்த்து எண்ணிவிடும் என்பார். அதனால் நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின்மேல் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவார். “மூச்சு எண்றேன்னு தெரிஞ்சா ஆளு மூச்ச மாத்திடுவாங்க. நீங்க சொல்லிடாதீங்க” என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். நான் எங்கோ பார்ப்பதுபோல நிற்பேன்.

உங்கள் அம்மா கல்வராயன் மலையில் பிறந்தவள். நான் வடக்கனந்தலிலிருந்து வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைச் சந்தைக்குப் போகிறவன். எங்கள் கல்யாணத்துக்கு என் பக்கத்தில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவள் பக்கத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமன் ஒருவர்தான் தங்கச்சியின் பக்கம் நின்றார். அப்பா அம்மா இல்லாத தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அந்த வருடம் திருவிழாவுக்கு அவள் மலைக்குப் போனாள். அங்கேதான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்தது திடீரென்று மூச்சிரைப்பாகிவிட்டது. மாமன்தான் ஜீப் பிடித்து, வளைவுக்கு வளைவு அவள் தலையைத் தாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நுரையீரல் இரண்டிலும் சளி கட்டியிருக்கிறது என்றார்கள்.

வந்த அன்றைக்கு அவள் இடது புஜத்தில் சாமிக்கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தது. புறப்படும்போது மாமன் கட்டியது. சிஸ்டர் பட்டை சுற்ற வந்தார். கயிற்றைப் பார்த்தார். மாமன் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டார்.

“அறுத்துடாதம்மா.”

“நான் ஏங்க அறுக்கப்போறேன்? கயித்துமேல பட்டயச் சுத்தினா கணக்குத் தப்பாப் போவும், அவ்ளோதான். இந்தக் கை உங்க சாமிக்கு, அந்தக் கை எனக்கு. ஆளுக்கு ஒண்ணு.”

மாமன் கையை எடுத்தார். அதற்குப் பிறகு சிஸ்டர் சொன்னது எதுவும் அவருக்கு வேதவாக்கு. சிஸ்டர் தேய்க்கிற மாதிரியே தன் கையைத் தேய்த்துக்கொள்வார். உங்கள் அம்மாவின் விரல்கள் அடிக்கடி சில்லிட்டுப் போகும். அப்போதெல்லாம் எண் சரியாக வராமல் பெட்டி கத்தும். சிஸ்டர் மாமனுக்கே சொல்லிக் கொடுத்தார். “கை சில்லுனு இருந்தா இந்தப் பொட்டி பொய் சொல்லும்ணா. கிளிப்பக் கழட்டி, வெரல நல்லா சூடு பறக்கத் தேய்ச்சி, வேற வெரல்ல மாட்டிப் பாருங்க. அப்பவும் கத்தினா என்னக் கூப்புடுங்க.”

மாமன் அந்த வேலையைப் பூஜை மாதிரி செய்தார். பாதித் தடவை அவர் தேய்த்து மாட்டினதும் சத்தம் நின்றுவிடும். பெருமையாக என்னைப் பார்ப்பார்.

அந்த சிஸ்டரிடம் எல்லோருக்கும் ஒரு வருத்தமும் இருந்தது. ஆறுதலுக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார். ஒரு பையன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், எங்கம்மா கேட்டுக்கினே இருக்குது. கொஞ்சம் தேவலன்னு சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்” என்று கெஞ்சினான்.

“நேத்தவிட இன்னிக்கு ஆக்சிஜன் கம்மியா இருக்குது தம்பி. தேவலன்னு நான் எப்பிடி சொல்றது? நீ சொல்லு. நீ புள்ள, நீ சொல்லலாம்.”

கல்நெஞ்சுக்காரி என்று அவன் என்னிடம் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் அம்மாவைப் பற்றி நானும் ஒரு காலையில் கேட்டேன். “பொழச்சிக்குவா இல்ல சிஸ்டர்?”

அவர் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எண்ணை எழுதிவிட்டு, வெளியே வந்துதான் பேசினார். “இப்ப எப்பிடி இருக்காங்கன்னு கேளுங்க, சொல்றேன். ஆக்சிஜன் நேத்தவிட ஜாஸ்தியா குடுக்க வேண்டியிருக்குது. மூச்சு வேகமா ஓடுது. நாளைக்கு எப்பிடி இருப்பாங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

இப்போது அந்த மத்தியானம்.

வார்டில் சோறு போட்டுக்கொண்டு வருகிற நேரம். மாத்திரை வாங்கிவர என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள். மாமன் அவள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். அதே நேரத்தில் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்த ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சிஸ்டரை அடுத்த அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஓடினார்.

பெட்டி கத்த ஆரம்பித்தது. மாமன் கிளிப்பைக் கழற்றி, அவள் விரலைத் தேய்த்து, வேறு விரலில் மாட்டினார். கத்தியது. மறுபடி தேய்த்தார். வேறு விரல். கத்தியது. அவள் கை சூடே ஏறவில்லை. சிஸ்டரைக் கூப்பிட வாசல்வரை போயிருக்கிறார். அங்கே அந்தப் பிள்ளையைச் சுற்றிக் கூட்டமும் அழுகையுமாக இருந்திருக்கிறது. திரும்பி வந்துவிட்டார்.

உங்கள் அம்மா மாஸ்க்கை லேசாகத் தள்ளிவிட்டுச் சொன்னாளாம். “ண்ணா, அந்தச் சத்தத்த நிறுத்துண்ணா. தூக்கம் வருது. தூங்க வுடமாட்டேங்குது.”

பல நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. தூக்கம் வருகிறது என்று அவள் வாயால் கேட்டதே அவருக்குச் சந்தோஷம். கை சில்லென்றிருப்பதால்தான் பெட்டி பொய் சொல்கிறது என்று அவருக்கு நிச்சயம். தன் கை சூடாக இருக்கிறது. அவள் கை சூடாகிற வரைக்கும் தன் கையில் இருக்கட்டும் என்று கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். சத்தம் நின்றது. போர்வைக்குள்ளே கையை விட்டு, கிளிப் மாட்டின கையாலேயே அவள் கையைப் பிடித்துச் சூடு பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணை மூடினாள்.

நான் மாத்திரையோடு வந்தேன். திரையில் தொண்ணூற்றெட்டு. அவள் கட்டிலில் அந்த எண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மாமன் விரலை உதட்டில் வைத்து, தூங்குகிறாள் என்று சாடை காட்டினார். நான் சத்தம் போடாமல் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தேன். பெரியவளே, நீ இரண்டாம் வகுப்பு. சின்னவன் பால்வாடி. “அம்மாவுக்கு நல்லாயிடுச்சு, தூங்கினு இருக்குது” என்று சொன்னேன். நீ “எழுப்பி வுடாதப்பா” என்றாய்.

அந்தப் போனை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நல்லாயிடுச்சுன்னு சொன்னியே, அப்புறம் எப்படிப்பா என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாய்! இதுதான் காரணம். நான் பார்த்தது உங்கள் மாமனுடைய எண்.

நான் போன் பேசிவிட்டு உள்ளே வந்த பிறகு, இடையில் சிஸ்டர் ஒருமுறை வந்தார். வாசல்வரைதான். கையில் ஊசி மருந்து இருந்தது. அங்கிருந்தே உங்கள் அம்மாவின் பெட்டியைப் பார்த்தார். எண் நன்றாக இருந்தது, சத்தம் இல்லை, அண்ணன்காரர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். அப்படியே திரும்பிப் பாம்புக்கடிப் பிள்ளையிடம் ஓடினார். யாரையும் கை தொடாமல் அவர் ஒரு எண்ணை நம்பிப் போனதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதையும் எழுத வேண்டும்.

அப்புறம் சிஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். நாலைந்து எட்டு வைத்தவர் நடுவிலேயே நின்றுவிட்டார். திரையில் இரண்டு எண்களை மாறி மாறிப் பார்த்தார். நெஞ்சிலிருந்து வருகிற துடிப்பும் விரலிலிருந்து வருகிற துடிப்பும் ஒரே ஆளுடையது என்றால் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு நெஞ்சு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. விரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் பாய்ந்து வந்து போர்வையை விலக்கினார்.

கிளிப் மாமன் விரலில் இருந்தது.

“எப்பத்துல இருந்துண்ணா?”

“சோறு போட்டுக்கினு வந்தாங்களே, அப்பத்துல இருந்து. கை சூடாவட்டும்னு… தூங்கறாம்மா அவ. எழுப்பாத.”

சிஸ்டர் திட்டவில்லை. கிளிப்பைப் பிடுங்கி அவள் விரலில் மாட்டினார். பெட்டி கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் உதடு நாவல்பழத் தோல்மாதிரி இருந்தது. ஏசியில் எல்லோர் உதடும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தூங்கவில்லை. மயங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஓடிவந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சிஸ்டர் கைவேலையை நிறுத்தாமல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “கிளிப்பு பேஷண்ட் கையில இல்ல டாக்டர். ஒரு மணி நேரமா இல்ல. நான் வாசல்ல இருந்து பாத்தேன். தொண்ணூத்தெட்டுன்னு இருந்துச்சு. கிட்ட வந்து பாக்காம போயிட்டேன்.” ஒரு வார்த்தையைக்கூட அவர் மறைக்கவில்லை. மாமன்மேல் பழியைத் தூக்கிப் போடவும் இல்லை.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உங்கள் அம்மா அதில் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கிளிப் மாட்டியிருந்த விரலை இன்னொரு கையால் முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒடித்துவிடுவார்போல் இருந்தது. “என் கைதான். என் கையாலதான்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை. போக என்னால் முடியவில்லை.

சிஸ்டர் வந்தார். அவருக்கு டியூட்டி முடிந்திருந்தது. தோளில் பை மாட்டியிருந்தார். பஸ்ஸுக்குப் போகிறவர் என்றுதான் நினைத்தேன். பையைக் கழற்றி வைத்துவிட்டு, மாமனுக்கு நேராகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முறுக்கிக்கொண்டிருந்த விரலைப் பிரித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

“இங்க பாருங்கண்ணா. என்னப் பாருங்க. அந்த ஒரு மணி நேரத்துல எதுவும் மாறல. காலையிலயே ரெண்டு பக்கமும் அடச்சிப்போச்சி. கிளிப்பு அவங்க கையிலயே இருந்திருந்தாலும் இதேதான். நான் எத்தினி பேரப் பாத்திருக்கேன். சொல்றேன், கேளுங்க. எதுவும் மாறல.”

“நெஜமாவா தாயி?”

“நெஜமா.”

அப்போதுதான் மாமன் அழுதார். மலையிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. சிஸ்டர் கையை விடவே இல்லை. கடைசியாக நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சில வாரம் கழித்து இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிற்கும்படி கண்ணாலேயே சொன்னார். முடித்து, எழுதிவைத்துவிட்டு வெளியே வந்தார். உங்கள் இருவரையும் கேட்டார். மாமனைக் கேட்டார்.

“மலைக்குப் போயிட்டாரு. பரவால்ல, வேலைக்குப் போறாரு” என்றேன். அப்புறம் கேட்டே விட்டேன். “அன்னிக்கு எங்க மச்சான்கிட்ட சொன்னீங்களே சிஸ்டர், அது நெஜந்தானா?”

வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒருவர் ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக, நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

“தெரியலைங்க” என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா முன்னாடியே டாக்டரக் கூப்பிட்டிருப்பேன். அது வரைக்குந்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் பொழச்சிருப்பாங்களா, மாட்டாங்களா, அது யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.”

“அப்ப ஏன் அவருகிட்ட அப்பிடி…”

“சூடு பண்ணி மாட்டுங்கன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நானுங்க. ரெண்டு தரம் மாட்டியும் கத்தினா கை குளிர்ச்சி இல்ல, ஒடம்புதான் கெட்டுப்போச்சின்னு அழுத்திச் சொல்லாம வுட்டதும் நானு. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனதும் நானு. அவரு பாவம், கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவரு கேட்டா அதான் பதில். எப்பக் கேட்டாலும் அதான். நீங்க கேட்டா இதான். நீங்க கேட்டதால சொல்றேன்.”

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. உளுந்தூர்பேட்டை பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் யாருக்காவது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டுதான் இருப்பார். எத்தனையோ பேருக்கு உள்ளது உள்ளபடி சொல்லிக் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கியவர், தனக்கே தெரியாத ஒன்றை நிஜம் என்று ஒரு ஆளுக்குச் சொன்னார். அதற்காகத் தன் பஸ்ஸை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடமாக நான் அந்த அம்மாவை நினைக்காத நாள் குறைவு.

உங்களுக்கு எந்தப் பதிலைச் சொல்வது என்று ரொம்ப யோசித்தேன். எதுவும் மாறவில்லை என்று மாமனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லியிருக்கலாம். சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். அதனால் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். தெரியாது. உங்கள் மாமனால் அம்மா போனாளா என்று கேட்டால், தெரியாது. அந்தக் காதுகுத்தில் பேசியவருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தன் தங்கச்சி நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஒரு மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கடைசியாகப் பிடித்திருந்த கை அதுதான்.

மாமனுக்கு இந்த இரண்டாவது பதில் தெரியாது. தெரியவும் வேண்டாம். இனிமேல் சிஸ்டர் அவருக்குச் சொன்னதைக் காப்பாற்ற வேண்டியவர்களில் நீங்களும் இருவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். வருவதற்கு அவருக்குத் தயக்கம். வரட்டுமா, வேண்டாமா என்று போனில் பலமுறை கேட்டார். அன்றைக்கு எனக்குச் சின்னசேலம் வரை ஒரு லோடு இருக்கிறது. விடியற்காலையிலேயே போய்விடுவேன். வீட்டில் நீங்கள் இருவர்தான் இருப்பீர்கள். பேசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மலையிலிருந்து முதல் பஸ்ஸுக்கு ஏறுகிறவர். சாப்பிட்டிருக்கமாட்டார்.